சர்ச்சுக்கு முதல் தடவை வர்றவங்களை வரவேற்கிறது எப்படி? கடைக்காரங்ககிட்ட நாம கத்துக்க வேண்டியது

ஆராதனை முடிஞ்சு கடைசி ஆமென் சொன்னதுக்கு அப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கு பாருங்க, அந்த நேரத்துல சபையோட பின்பக்கம் போய் நின்னு கவனிங்க. அங்கங்க வட்டம் போட்டு பேசிட்டு இருப்பாங்க, ஒரே சிரிப்பா இருக்கும், வாரம் பூரா பார்க்காதவங்க தோள்ல கை போட்டு நிப்பாங்க, நல்ல விஷயம்தான், ஆனா எல்லா வட்டத்துக்கும் முதுகு வெளிப்பக்கம்தான் இருக்கும். அந்த முதுகுகளுக்கு நடுவுல ஒரு அம்மா, இடுப்புல குழந்தை, போனை எடுத்து பார்ப்பாங்க, உள்ள வைப்பாங்க, மறுபடி எடுப்பாங்க. போன்ல ஒண்ணும் வந்திருக்காது. யாராவது வந்து ஒரு வார்த்தை பேசுவாங்களான்னு நிக்கிறாங்க, அவ்வளவுதான்.

நான் இதை நேர்ல பார்த்தேன். அன்னைக்கு சவுண்ட் சிஸ்டம் பக்கத்துல ஒயரை சுத்திட்டு இருந்தேன், முடிச்சுட்டு போய் பேசலாம்னு நினைச்சேன், முடிச்சு நிமிர்ந்தப்போ அவங்க இல்ல. அதுக்கப்புறம் வரவே இல்ல. எனக்கு ரொம்ப உறுத்தினது என்னன்னா, நான் ஒன்பது வருஷம் ஹோட்டல் ரிசப்ஷன்ல வேலை பார்த்தவன். அங்க ஒருத்தர் லாபில மூணு நிமிஷம் தனியா நின்னா மேனேஜர் எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார். சம்பளத்துக்காக செஞ்சதை தேவனோட வீட்டுல நான் செய்யல. அதுக்கப்புறம்தான் எங்க சபையில வெல்கம் டீம் பொறுப்பை கேட்டு வாங்கினேன், இப்போ எழுதறது எல்லாம் அதுல கத்துக்கிட்டது.

"சபை என்ன வியாபாரமா, என் பிதாவின் வீட்டை வியாபார வீடாக்காதீங்கன்னு இயேசுவே சொல்லலியா"ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனா ஆலயத்துல வியாபாரம் பண்ணினவங்களை இயேசு துரத்தின அந்த சம்பவம் எங்க நடந்துச்சுன்னு பாருங்க. விக்கிறவங்க கடை போட்டிருந்த இடம் ஆலயத்தோட வெளிப்பிராகாரம்னுதான் வேத அறிஞர்கள் பெரும்பாலும் சொல்றாங்க, அதாவது யூதர் அல்லாதவங்க வந்து ஜெபிக்க முடிஞ்ச ஒரே இடம். மாற்கு 11-ல "என் வீடு எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு"ன்னு அவர் சொன்னதை அதோட சேர்த்து படிங்க. புதுசா வர்றவனுக்கு இருந்த இடத்தை உள்ள இருக்கிறவங்க அடைச்சு வச்சிருந்தாங்க. கடை போடாமலே நாமளும் அதைத்தான் செய்யறோம், முதுகால.

அதுவும் இல்லாம வரவேற்கிறது வியாபாரிங்க கண்டுபிடிச்ச வித்தையும் இல்ல. ஆறாம் நூற்றாண்டுல பெனடிக்ட்னு ஒரு மடத்துத் தலைவர் தன்னோட துறவிகளுக்கு எழுதி வச்ச விதிகள்ல 53-ம் அதிகாரம் முழுக்க விருந்தாளிங்களை பத்தித்தான், வர்ற ஒவ்வொருத்தரையும் கிறிஸ்துவாவே நினைச்சு ஏத்துக்கணும்னு. 66-ம் அதிகாரம் வாசல் காக்கிறவரை பத்தி, விவேகமுள்ள வயசானவரா இருக்கணும், அவர் அறை வாசல் பக்கத்துலயே இருக்கணும், யாராவது தட்டினா உடனே தேவனுக்கு நன்றின்னு பதில் குரல் கொடுக்கணும்னு எவ்வளவு விவரமா சொல்லியிருக்காரு. நம்ம கையில இருந்ததை நாம விட்டுட்டோம், கடைக்காரங்க எடுத்து பழகிட்டாங்க, திரும்ப அவங்ககிட்ட போய் கேட்டு வாங்கறதுல என்ன வெட்கம்?

ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் நஷ்டத்துல இருந்தப்போ 1981-ல யான் கார்ல்சன்னு ஒருத்தர் தலைமைக்கு வந்தாரு. அவர் போட்ட கணக்கு ரொம்ப சிம்பிள். வருஷத்துக்கு ஒரு கோடி பயணிகள், ஒவ்வொருத்தரும் சுமார் அஞ்சு ஊழியர்களை சந்திக்கிறாங்க, ஒவ்வொரு சந்திப்பும் சராசரி 15 விநாடி. அந்த 15 விநாடிகள்லதான் கம்பெனி நல்லதா கெட்டதான்னு முடிவாகுது, விமானத்தையும் ஆபீஸையும் வச்சு இல்லன்னு சொன்னாரு. சபைக்கு இதை பொருத்தி பாருங்க. பாஸ்டர் நாற்பது நிமிஷம் அருமையா பிரசங்கம் பண்ணலாம், ஆனா அதுக்கு முன்னாடியே வந்தவங்க பார்க்கிங்ல நின்னவரு, கதவுகிட்ட இருந்தவரு, பக்கத்து சீட்ல நகர்ந்து இடம் விட்டவரு அல்லது விடாதவரு, இப்படி நாலு பேரை பார்த்து பாதி முடிவுக்கு வந்துடுவாங்க. அதனால வெல்கம் டீம்னா கதவுல நிக்கிற ரெண்டு பேர் மட்டும்னு நினைக்காதீங்க.

எங்க ஆரம்பிக்கிறது? வெளியாள் கண்ணால பார்க்கிறதுல ஆரம்பிங்க. பெரிய கடைகள் மிஸ்டரி ஷாப்பர்னு ஒருத்தரை அனுப்புவாங்க, சாதாரண கஸ்டமர் மாதிரி வந்து எல்லாத்தையும் பார்த்துட்டு எழுதிக் கொடுப்பாரு. நீங்க எந்த சபைக்கும் போகாத ஒரு நண்பரை கூப்பிட்டு ஒரே ஒரு ஞாயிறு வந்து பாரு, யார்கிட்டயும் என் பேரை சொல்லாதேன்னு கேளுங்க. எங்களுக்கு அப்படி வந்தவங்க சொன்னதுல முதல் விஷயமே எங்களை உலுக்கிடுச்சு. எங்க கட்டடத்துக்கு மூணு கதவு. எந்தக் கதவுன்னு எங்கயும் எழுதியிருக்கல, எங்களுக்கு தெரியும்கிறதால எழுதணும்னே தோணல. அவங்க பக்கத்துல இருந்த கதவை தள்ளிட்டு உள்ள போயிருக்காங்க, அது பிரசங்க மேடைக்கு பக்கத்துல திறக்கிற கதவு, பாட்டு நடந்துட்டு இருக்கு, மொத்த சபையும் அவங்களை பார்த்துச்சு. "அப்படியே திரும்பி வீட்டுக்கு போயிடலாம்னு இருந்துச்சு"ன்னு சொன்னாங்க. ஒரு போர்டு, ஒரு அம்புக்குறி, அரை மணி நேர வேலை, பதினஞ்சு வருஷமா யாரும் செய்யல. உங்க ஆளுகிட்டயும் இதையே கேளுங்க: எங்க வண்டியை விட்ட, எந்தக் கதவுன்னு எப்படி தெரிஞ்சுது, டாய்லெட் எங்கன்னு யார்கிட்டயாவது கேட்க வேண்டி வந்துச்சா, எப்போ எழுந்து நிக்கணும்னு குழம்பினியா, கிளம்பும்போது யாராவது பேசினாங்களா. பதிலை கேட்டு வாதாடாதீங்க, எழுதிக்கங்க.

உண்மையில வாசல் அதுக்கும் முன்னாடியே போன்ல திறந்துடுது. மேப்ல உங்க சபை பேரை தேடி பாருங்க, நேரம் சரியா இருக்கா? பண்டிகை நாள்ல நேரம் மாறினா மாத்தறீங்களா? வெப்சைட் முகப்புல சபை வரலாறும் மூப்பர்கள் போட்டோவும் இருக்கும், முதல் தடவை வர்றவருக்கு வேண்டிய எத்தனை மணி, எவ்வளவு நேரம், குழந்தைகளை எங்க விடணும், என்ன டிரஸ்ல வரலாம், வீல்சேர் போகுமா, இதெல்லாம் தேடினாலும் கிடைக்காது. எந்தக் கடையும் இப்படி வச்சுக்காது.

உள்ள வந்த பிறகு நாம பண்ற பெரிய தப்பு, காலை வச்ச உடனே எல்லாத்தையும் கையில திணிக்கிறது. கடைகளுக்குள்ள மக்கள் எப்படி நடக்கறாங்கன்னு பல வருஷம் பின்னாடியே நடந்து கவனிச்ச பாக்கோ அண்டர்ஹில்னு ஒரு ஆய்வாளர் இருக்காரு. கதவை தாண்டின முதல் சில அடிகள்ல வச்சிருக்கிற பொருளையும் போர்டையும் யாரும் கவனிக்கிறதில்லன்னு அவர் சொல்றாரு, ஏன்னா வெளிச்சத்துல இருந்து உள்ள வர்றவங்க கண்ணும் மனசும் அந்த இடத்துக்கு பழகிட்டு இருக்கும். நம்ம சபைகள்ல அந்த முதல் ஆறடியில என்ன நடக்குது? ஒருத்தர் கை குலுக்குவாரு, இன்னொருத்தர் நோட்டீஸ் கொடுப்பாரு, மூணாவது ஆள் பேர் எழுத ரிஜிஸ்டரை நீட்டுவாரு. வந்தவங்களுக்கு மூச்சு விட இடமில்ல. கதவுல ஒரு முகம், ஒரு வணக்கமோ ஸ்தோத்திரமோ, அது போதும். பேப்பரும் பேச்சும் பத்தடி தள்ளி வைங்க.

கதவுல யாரை நிறுத்தறோம்கிறதும் முக்கியம். வால்மார்ட் கடைகள்ல வாசல்ல நின்னு வணக்கம் சொல்றவங்க 1980-ல லூசியானாவுல குரோலிங்கிற சின்ன ஊர் கடையில ஆரம்பிச்சாங்க. அந்த மேனேஜருக்கு பொருள் திருடு போற பிரச்சினை இருந்துச்சு, அதனால ஒரு பெரியவரை வாசல்ல நிக்க வச்சாரு, நல்லவங்களுக்கு வரவேற்பு, திருட வர்றவனுக்கு ஒருத்தர் பார்க்கிறார்ங்கிற எச்சரிக்கை. கடைக்கு அது சரி. ஆனா சபை வாசல்ல நிக்கிறவர் பார்வையில அந்த ரெண்டாவது வேலை ஒரு துளி இருந்தா கூட வர்றவங்களுக்கு தெரிஞ்சுடும். மேலயும் கீழயும் ஒரு தடவை பார்க்கிற பார்வை, டிரஸ்ஸை பார்க்கிற பார்வை, "நீங்க யாரோட வந்திருக்கீங்க"ங்கிற கேள்வி. முகம் கொஞ்சம் மாறினாலே அனிச்சம் பூ மாதிரி வாடிப்போற நிலையிலதான் முதல் தடவை வர்றவங்க வர்றாங்க, அதுவும் ஏதோ ஒரு கஷ்டத்துல இருக்கும்போதுதான் பல பேர் சர்ச் கதவை தள்ளுறாங்க. அதனால சீனியாரிட்டி பார்த்து ஆளை போடாதீங்க, யார் முகத்தை பார்த்தா பயம் போகுமோ அவங்களை போடுங்க.

டிஸ்னி பார்க்ல வேலை செய்யறவங்களுக்கு சொல்லித் தர்ற ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும். "மூணு மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?"ன்னு நிறைய பேர் வந்து கேட்பாங்களாம். கேள்வியிலேயே பதில் இருக்கேன்னு தோணும், ஆனா கேட்கிறவர் உண்மையில கேட்கிறது ஊர்வலம் இந்த இடத்துக்கு எப்போ வரும், எங்க நின்னா என் குழந்தைக்கு தெரியும்ங்கிறதை. கேள்விக்கு பின்னாடி இருக்கிற கேள்விக்கு பதில் சொல்லணும்னு பழக்கறாங்க. நம்மகிட்ட ஒருத்தர் போன் பண்ணி ஆராதனை எத்தனை மணிக்குன்னு கேட்டா நாம ஒன்பதரைன்னு சொல்லி வச்சிடறோம். அவர் கேட்டது வேற. நான் வரலாமா, என்னை எழுப்பி நிக்க வைப்பீங்களா, குழந்தை அழுதா முறைப்பாங்களா, காணிக்கை போடணுமா, என் பைபிள் அறிவை யாராவது சோதிப்பாங்களா, இதுதான் உள்ள இருக்கு. அதனால பதில் இப்படி இருக்கட்டும்: "ஒன்பதரைக்குங்க, ஒன்றரை மணி நேரம் ஆகும், ரோட்டு பக்க கதவுல நான் நிக்கிறேன், குழந்தை இருந்தா கூட்டிட்டு வாங்க, சத்தம் போட்டா பரவாயில்ல." இடம் கேட்டாலும் அதே மாதிரிதான், விரலை நீட்டி அந்தப் பக்கம்னு காட்டாதீங்க, கூட நடந்து போய் விடுங்க. அந்த இருபது அடி நடையில பேர் கேட்கலாம், எங்க இருந்து வர்றீங்கன்னு கேட்கலாம், அவங்களுக்கும் உள்ள தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடைச்சுடும்.

எழுப்பி நிக்க வைக்கிறதை பத்தி சொல்லியே ஆகணும். "இன்னைக்கு முதல் தடவை வந்தவங்க எழுந்து நில்லுங்க, பேர் சொல்லுங்க, கை தட்டுவோம்." நல்ல மனசோடதான் செய்யறோம், ஆனா தயவுசெஞ்சு நிறுத்திடுங்க. எந்தக் கடையாவது புது கஸ்டமரை நடுவுல நிறுத்தி எல்லாரையும் திரும்பி பார்க்க வைக்குமா? கூச்சம் உள்ளவங்களுக்கு அது தண்டனை. பதிலா மேடையில இருந்து "முதல் தடவை வந்திருந்தா உங்களை பார்த்ததுல சந்தோஷம், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், முடிஞ்சதும் வாசல் பக்கம் நாங்க இருப்போம்"னு சொன்னா போதும்.

மேடையில இருந்து செய்ய வேண்டிய இன்னொரு வேலை, எதையும் தெரியும்னு எடுத்துக்காம சொல்றது. விமானத்துல நூறு தடவை பறந்தவர் இருந்தாலும் சீட் பெல்ட் எப்படி மாட்டறதுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க, யாரோ ஒருத்தருக்கு அது முதல் தடவை. இப்போ பாட்டுக்கு எழுந்து நிப்போம், வார்த்தை திரையில வரும், உட்காரணும்னா உட்காரலாம். காணிக்கை எடுக்கிறோம், இது சபை குடும்பத்தோட பொறுப்பு, விருந்தாளியா வந்தவங்க போட வேண்டியதில்ல. திருவிருந்துன்னா என்ன, யார் பங்கெடுக்கலாம், பங்கெடுக்கலன்னா அப்படியே உட்கார்ந்திருக்கலாமா. ஒவ்வொண்ணும் பத்து விநாடி வாக்கியம். அறிவிப்புகள்லயும் "வழக்கமான இடத்துல, வழக்கமான நேரத்துல, விவரம் அக்காகிட்ட கேளுங்க"ன்னு சொல்லாதீங்க, எந்த அக்கா?

காணிக்கையை பத்தி சொன்னதுக்கு காரணம் இருக்கு. கலிபோர்னியாவுல சேடில்பேக் சபையை 1980-ல தொடங்குறதுக்கு முன்னாடி ரிக் வாரன் வீடு வீடா போய் ஏன் நீங்க சர்ச்சுக்கு போறதில்லன்னு கேட்டாரு. பிரசங்கம் போரடிக்குது, புதுசா வர்றவங்ககிட்ட யாரும் பழகறதில்ல, பணத்துல குறியா இருக்காங்க, குழந்தைகளை எப்படி பார்த்துப்பாங்களோன்னு கவலை. இந்த நாலும் திரும்பத் திரும்ப வந்துச்சு. கடவுளே இல்லன்னு வாதாடினவங்க இல்ல இவங்க, வாசல்லயே மனசு விட்டுப்போனவங்க.

குழந்தைங்க விஷயத்துல மட்டும் அன்பு போதாது, முறை வேணும். நல்ல டேகேர் எப்படி நடத்துது பாருங்க, யார் கொண்டுவந்து விட்டாங்களோ அவங்ககிட்ட மட்டும்தான் திரும்ப கொடுப்பாங்க, பேரும் நம்பரும் எழுதின ஸ்டிக்கர் ரெண்டு, ஒண்ணு குழந்தை சட்டையில ஒண்ணு பெத்தவங்க கையில, அறையில எப்பவும் பெரியவங்க ரெண்டு பேர், பொறுப்பா இருக்கிறவங்க பின்னணி விசாரிச்ச பிறகுதான் உள்ள விடுவாங்க. இதை செய்யாம சண்டே ஸ்கூலுக்கு குழந்தையை விடுங்கன்னு புது தாய்கிட்ட கேட்காதீங்க, அவங்க தயங்கினா அது சரியான தயக்கம்.

அடுத்தது அதிகாரம். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்கள்ல ஒரு விருந்தாளியோட பிரச்சினையை தீர்க்க எந்த ஊழியரும் மேனேஜரை கேட்காம 2000 டாலர் வரை செலவு பண்ணலாம்னு விதி வச்சாங்க. தொகையை விடுங்க, பின்னாடி இருக்கிற நம்பிக்கையை பாருங்க. நம்ம சபையில ஆட்களை உட்கார வைக்கிற உஷர் ஒரு நாற்காலியை நகர்த்தணும்னா கூட மூப்பரை தேடி ஓடறாரு. வீல்சேர்ல ஒருத்தர் வந்து நிக்கிறப்போ வரிசையில ரெண்டு நாற்காலியை எடுத்துட்டு இடம் பண்ணிக் கொடுக்க யார் அனுமதியும் வேணாம்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. குடை கொடுக்க, வண்டி பிடிச்சு அனுப்ப, கைக்குழந்தைக்காரங்களுக்கு ஓரத்து சீட்டை எடுத்து வைக்க, எல்லாத்துக்கும் அப்படித்தான்.

இப்போ ஆரம்பத்துல சொன்ன அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வர்றேன், ஏன்னா இதுதான் உண்மையான இடம். ஒரு அனுபவத்தை நாம முழுசா ஞாபகம் வச்சுக்கிறதில்ல, அதோட உச்சமான கட்டத்தையும் முடிவையும்தான் ஞாபகம் வச்சுக்கறோம்னு உளவியல் ஆய்வாளர் டேனியல் கானமனும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் 1993-ல காட்டினாங்க. ஆளுங்களை ரொம்ப குளிர்ந்த தண்ணில ஒரு நிமிஷம் கையை வைக்க சொன்னாங்க, இன்னொரு தடவை அதே ஒரு நிமிஷத்தோட கூட அரை நிமிஷம், ஆனா அந்த அரை நிமிஷத்துல தண்ணி கொஞ்சமே கொஞ்சம் குளிர் குறைஞ்சுது. எதை திரும்ப செய்வீங்கன்னு கேட்டா பெரும்பாலானவங்க நீளமானதையே சொன்னாங்க, முடிவு கொஞ்சம் நல்லா இருந்ததால. நம்ம சபைகள்ல வரவேற்பு வாசல்ல மட்டும் இருக்கு, முடியும்போது அந்த டீமே கலைஞ்சு போயிருக்கும்.

இதுக்கு ஒரு விதி போடுங்க, எங்க சபையில போட்டு ஆறு மாசத்துலயே நல்லா தெரிஞ்சுது. ஆராதனை முடிஞ்ச முதல் மூணு நிமிஷம் யாரும் தன் சொந்தக்காரங்க, நண்பர்கள், ஊழிய விஷயம் பேசறவங்க யாரோடயும் பேசக்கூடாது, தெரியாத முகத்துகிட்டத்தான் போகணும். வால்மார்ட்டை ஆரம்பிச்ச சாம் வால்டன் தன் ஊழியர்கள்கிட்ட பத்தடிக்குள்ள ஒரு கஸ்டமர் வந்தா கண்ணை பார்த்து பேசணும்னு வாக்கு வாங்குவாராம், அதே பத்தடியை நீங்களும் எடுத்துக்கலாம். வட்டம் போட்டு நிக்கும்போது முழு வட்டமா நிக்காம ஒரு ஆள் நுழையற அளவு இடைவெளி விட்டு நில்லுங்கன்னு சொல்லிக் கொடுத்தோம், சின்ன விஷயம்தான் ஆனா கண்ணால பார்க்கும்போது ஹாலே மாறிப்போச்சு. எப்படி பேச ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா "நீங்க புதுசா?"ன்னு கேட்காதீங்க, ரெண்டு வருஷமா வர்றவரா இருந்தா மனசு நொந்துடும். "நாம இன்னும் பேசிக்கிட்டதில்லன்னு நினைக்கிறேன், என் பேர் இது"ன்னு உங்க பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. பேரை கேட்டதும் பேச்சுக்கு நடுவுல ஒரு தடவை சொல்லி கூப்பிடுங்க, வண்டில ஏறினதும் போன்ல எழுதி வைங்க, அடுத்த வாரம் அந்தப் பேரை சொல்லி கூப்பிடறப்போ அவங்க முகத்தை பாருங்க.

கடைக்காரங்ககிட்ட கத்துக்கக் கூடாததும் உண்டு. நிறைய செலவு பண்றவருக்கு தனி கவுண்டர், தனி வரிசை, தனி அட்டை. யாக்கோபு 2-ம் அதிகாரம் நேரா இதைத்தான் பேசுது, பொன்மோதிரம் போட்டவரை இங்க சௌகரியமா உட்காருங்கன்னும், கந்தல் கட்டின ஏழையை அங்கே நில்லு, இல்லன்னா என் பாதபடி பக்கத்துல உட்காருன்னும் சொல்றீங்களேன்னு. கார்ல வந்து இறங்கறவரை நோக்கி நம்ம டீம் ரெண்டு பேர் ஓடறதும், வியர்வையோட நடந்து வந்தவரை பார்த்தும் பார்க்காம இருக்கிறதும் நடந்தா அந்த டீமை அன்னைக்கே உட்கார வச்சு பேசுங்க. இன்னொண்ணு, வர்றவங்களை எண்ணிக்கையா பார்க்கிறது. நிறைய ஆயத்தங்களோட புது ஆட்களை வரவேற்ற பெரிய சபைகள்ல ஒண்ணான வில்லோ கிரீக் 2007-ல தன்னோட ஆய்வையே வெளியிட்டு, நிகழ்ச்சிகள்ல நிறைய கலந்துக்கிறதால மட்டும் ஒருத்தரோட ஆவிக்குரிய வாழ்க்கை வளர்றதில்லன்னு ஒத்துக்கிச்சு. அதை மறைக்காம சொன்னதை நான் மதிக்கிறேன்.

போன் நம்பர் வாங்கறதுல ரொம்ப கவனம். எதுக்கு வாங்கறோம்னு சொல்லிட்டு வாங்குங்க, கேட்காம வாட்ஸ்ஆப் குரூப்ல சேர்க்காதீங்க, தினமும் வசனம் அனுப்பாதீங்க. மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ, அவங்களோட உண்மையிலேயே பேசின அதே ஆள் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பட்டும், "உங்களை சந்திச்சதுல சந்தோஷம், பையனுக்கு ஜுரம்னு சொன்னீங்களே, இப்போ எப்படி இருக்கு?" பதில் வந்தா பேசுங்க, வரலன்னா விட்டுடுங்க. வந்து பார்க்கலாமான்னு கேட்காம வீட்டுக்கு போய் நிக்காதீங்க.

எல்லாரும் போன பிறகு டீம் பத்து நிமிஷம் உட்காரணும், எங்க ஹோட்டல்ல ஷிப்ட் மாறும்போது செய்ற மாதிரி. இன்னைக்கு யார் வந்தாங்க, பேர் என்ன, யாரோட பேசினாங்க, யாரோடயும் பேசாம போனது யாரு. அந்தக் கடைசி கேள்விக்கு ஒரு நோட்டுல தனி பக்கம் வச்சிருக்கோம், பேர் தெரியலன்னா அடையாளம் மட்டும் எழுதுவோம், நீல சட்டை, தூண் பக்கத்துல, குழந்தையோட. அடுத்த ஞாயிறு கதவு திறக்கும்போது அந்தப் பக்கத்தை படிச்சுட்டுத்தான் போய் நிக்கிறோம்.